மூன்றாம் நம்பர் எஞ்சின்கள்

பஸ் நிலையத்துக்குப் பின்னால், செருப்புக் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில் ஒரு கடை இருந்தது. எதிரெதிரே இரண்டு பேர் வந்துவிட்டால் ஒருவர் வெளியே போனால்தான் மற்றவர் உள்ளே வரலாம், அவ்வளவுதான் அதன் அகலம். முன்பாதியில் ஜெராக்ஸ் மெஷின். அதை நடத்தியவள், பின்பாதியில் இருந்தவளின் நாத்தனார். பின்பாதியில் ஒரு மேசை, வளைந்த கழுத்து விளக்கு, பூதக்கண்ணாடி, செல்போன் உதிரிகள் போட்டுவைத்த சின்னச் சின்ன டப்பாக்கள். அங்கே குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தவளைத் தெருவே ‘ரிப்பேரக்கா’ என்று கூப்பிட்டது. அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் சொன்னார்கள். கோபித்துக்கொண்டு பார்த்தாள், பலன் இல்லை, விட்டுவிட்டாள்.

போனில் எந்தக் கோளாறு என்றாலும் பார்ப்பாள். ஆனால் அவள் பேர் வாங்கியது ஸ்பீக்கர் வேலையில். அவளுக்குப் பாம்புக் காது. போன் மணி அடிக்கும்போதே, “உள்ள பஞ்சு அடைச்சிருக்கு” என்றோ, “ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்கு” என்றோ சொல்லிவிடுவாள். திறந்து பார்த்தால் அப்படியே இருக்கும். “எங்க அண்ணி டாக்டருக்குப் படிச்சிருந்தா ஸ்டெதஸ்கோப் கம்பெனி மூடியிருக்கும்” என்று நாத்தனார் வாடிக்கையாளர்களிடம் அளந்துவிடுவாள்.

ஒரு நாள் பகல் வேளையில் பல் டாக்டர் ஒருவர் ரிப்பேருக்குக் கொடுத்த போனை வாங்க வந்தார். போனை வாங்கிப் பையில் போட்டார். ஆனால் கிளம்பவில்லை. தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, பையிலிருந்து துண்டில் சுற்றிய ஒரு பொருளை எடுத்துக் குழந்தையைக் கிடத்துவதுபோல் மேசையில் கிடத்தினார்.

பிரித்தால், கறுப்பு நிறத்தில் ஒரு நீராவி எஞ்சின். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம். சக்கரங்களை இணைக்கும் தண்டுகள்கூட ஊசி மாதிரி மின்னின. பின்னால் கரி ஏற்றிய சின்னப் பெட்டி ஒன்று.

“இதுக்கு ஒரு ஸ்பீக்கர் வெச்சுத் தர முடியுமா?” என்றார் டாக்டர்.

“பொம்மைக்கா?”

டாக்டரின் முகம் வாடிப்போனது. “பொம்மை இல்லம்மா. மாடல். எல்லாமே நிஜ எஞ்சினோட அளவைக் குறைச்சுச் செஞ்சது.”

கூடவே தபால்தலை அளவில் ஒரு பச்சைப் பலகையையும் எடுத்து வைத்தார். அதிலிருந்து வண்ண வண்ணமாக ஒயர்கள் நீண்டிருந்தன. அதற்கு டிகோடர் என்று பெயர். தண்டவாளத்தில் ஓடும் மின்சாரத்தோடு சேர்த்து நாம் கொடுக்கும் கட்டளையும் ஓடும். டிகோடர் அதைப் புரிந்துகொண்டு மோட்டாரைச் சுற்றும், விளக்கை எரியவிடும், நிஜ எஞ்சினின் ஊதல், மூச்சு, பிரேக் கிறீச்சிடுவது எல்லாவற்றையும் ஸ்பீக்கரில் எழுப்பும். வேலை என்னவென்றால், விரல் நுழைய இடமில்லாத எஞ்சினுக்குள் இவ்வளவையும் அடைக்கவேண்டும்.

“ஒரே ஒரு விஷயம். இது வெளியில தெரியக் கூடாது. முக்கியமா என் மச்சானுக்கு.”

மச்சான் என்றால் டாக்டர் மனைவியின் அண்ணன். மருந்துக் கடை வைத்திருந்தார். ஒரே வீட்டில் டாக்டர் குடும்பம் மாடியில், மருந்துக் கடைக்காரர் கீழே. இருவருக்கும் ரயில் பைத்தியம். வருஷா வருஷம் ஊர் ரயில் மாடல் சங்கம் கண்காட்சி நடத்தும். போன வருஷம் அதில் நல்ல ஓட்டத்துக்கான கோப்பையை டாக்டர் தட்டிக்கொண்டு வந்து, கூடத்தில், மச்சான் சாப்பிட உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே வைத்தார். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். ஆனால், “உங்க அண்ணனை உப்பைத் தள்ளச் சொல்லு,” “உன் புருஷன்கிட்ட கை நீளமாத்தானே இருக்குன்னு சொல்லு” என்று எல்லாம் நடுவில் இருந்த அந்த அம்மா வழியாகத்தான் போயிற்று.

ரிப்பேரக்காவுக்கு எஞ்சினைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. ஆழம் தெரியாமல் காலை விடுகிறோமோ என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் வாய் “சரி” என்று சொல்லிவிட்டது.

முதல் இரண்டு நாளும் அவள் எதையும் தொடவில்லை. எஞ்சினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு திறந்தாள். மோட்டாரின் ஒரு முனை எஞ்சினின் உலோக உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதை அப்படியே விட்டால் மின்சாரம் வந்த நொடியில் டிகோடர் கருகிவிடும். தேன் நிற டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி இடையில் ஒட்டி, உடம்பையும் மோட்டாரையும் விவாகரத்து செய்துவைத்தாள். சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு என்று ஒவ்வொரு ஒயராக ஈயம் வைத்தாள். ஒரு பழைய போனின் ஸ்பீக்கரைக் கரிப் பெட்டிக்குள் வைத்து, டாக்டர் கொடுத்திருந்த ஒரு முழத் தண்டவாளத்தில் எஞ்சினை நிறுத்தி, அதோடு அவர் தந்திருந்த, கட்டளை அனுப்பும் கன்ட்ரோலரில் ஊதல் பொத்தானை அழுத்தினாள்.

‘ங்ஙீ…’ என்றது.

“கொசு புகுந்துடுச்சு அண்ணி!” என்று நாத்தனார் முன்னாலிருந்து கத்தினாள்.

ஸ்பீக்கரை மாற்றினாள். பெரிய கொசு. இன்னொன்றை மாற்றினாள். கிழட்டுக் கொசு. ஒரு வாரம் போயிற்று. வீட்டில் சோறு பரிமாறும்போதும் அவள் நினைப்பு கரிப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஒரு நாள் சலித்துப்போய், ஒயரில் தொங்கிய ஸ்பீக்கரைக் காலி டீக் கோப்பையின் மேல் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். முழங்கை கன்ட்ரோலரில் பட்டது. கோப்பைக்குள்ளிருந்து நெஞ்சைத் தொடும் கனத்தோடு ஊதல் எழுந்தது.

அப்படியே நின்றுவிட்டாள். ஸ்பீக்கர் முன்பக்கம் தள்ளும் காற்றும் பின்பக்கம் இழுக்கும் காற்றும் கலந்து ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. பின்பக்கத்தைக் காற்றுப் புகாமல் அடைத்து ஒரு சின்ன அறை கட்டிக் கொடுத்தால் போதும், குரல் தடிக்கும். போனில் அந்த அறையைக் கம்பெனிக்காரனே கட்டியிருந்தான். அவள் பிடுங்கி எடுத்தது அறையில்லாத வெறும் ஸ்பீக்கரை. ஆனால் கரிப் பெட்டிக்குள் கோப்பையை வைக்க முடியாதே. கண்ணை நாலாபக்கமும் ஓட்டினாள். ஜெராக்ஸ் மெஷின் மேல் நாத்தனாரின் கைப்பை திறந்திருந்தது.

“அண்ணி, என் லிப்ஸ்டிக் மூடியப் பாத்தீங்களா?” என்று சாயங்காலம் நாத்தனார் கேட்டபோது மூடி வெட்டுப்பட்டு, பசை போட்டு, கரிக்கு அடியில் நிரந்தரமாகக் குடியேறியிருந்தது.

“ரயில் ஏறிப் போயிடுச்சு” என்றாள் ரிப்பேரக்கா.

வேலை முடிந்த எஞ்சினை நாத்தனார் வாயடைத்துப் பார்த்தது அன்று ஒரு நாள்தான். அந்த மகிழ்ச்சியில் ரிப்பேரக்கா அதை வீட்டுக்கு எடுத்துப்போய் மறுநாள் மதியம் சமையலறை மேடையில் ஓட்டிக் காட்டினாள். புருஷன் பேக்கரி வண்டி ஓட்டுகிறவர். விடிவதற்கு முன்னால் ரொட்டி ஏற்றிக்கொண்டு போய், மதியம் வந்து படுப்பார். ஊதல் கேட்டதுதான் தாமதம், கட்டிலிலிருந்து துள்ளி விழுந்தார்.

“கேட்டைத் திறங்க! என் வண்டி தண்டவாளத்துல நிக்குது!”

லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவர், மேடையில் நின்ற எஞ்சினையும் விழுந்து விழுந்து சிரிக்கும் மனைவியையும் தங்கையையும் பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “இன்னொரு தடவ ஊதச் சொல்லு. இந்தத் தடவ பயப்படாம கேக்கறேன்” என்று அங்கேயே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

டாக்டர் வந்து கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “ஐயோ!” என்றார். “ஐயோ!” என்று மறுபடியும் சொன்னார். அது பாராட்டு என்று புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரமாயிற்று.

“கன்ட்ரோலர்ல மூணுன்னு அழுத்துங்க டாக்டர். உங்க எஞ்சினோட நம்பர் மூணு.”

எந்த டிகோடரும் தொழிற்சாலையிலிருந்து வரும்போது மூன்று என்ற எண்ணோடுதான் வரும். பல எஞ்சின்கள் ஓடும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு எண் கொடுக்கவேண்டும் என்று கூட வந்த தாளில் போட்டிருந்தது. ரிப்பேரக்கா படித்தாள். ‘இருக்கிறது ஒரே எஞ்சின், அதுக்கெதுக்கு நம்பர் மாத்தணும்’ என்று நினைத்து விட்டுவிட்டாள்.

அடுத்த வாரம் கடைக்குள் மருந்துக் கடைக்காரர் நுழைந்தார். கையில் மருந்துப் பெட்டி. அதற்குள் மஞ்சளும் சிவப்புமாக ஒரு டீசல் எஞ்சின்.

“இதுல சத்தம் வெக்கணும். எங்க மாப்பிள்ளைக்கு மட்டும் தெரியவே கூடாது.”

நாத்தனார் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டாள். ரிப்பேரக்கா அவளைப் பார்த்து முறைத்தாள். ஒருவர் ரகசியத்தை இன்னொருவரிடம் சொல்வது தொழிலுக்கு அழகில்லை. வேலையை ஒப்புக்கொண்டாள்.

டீசல் எஞ்சின் வேறு விதமாகப் படுத்தியது. உள்ளே எடைக்காக முழுக் கட்டியாக உலோகம். ஸ்பீக்கருக்கு இடமே இல்லை. புருஷன் ஓய்வு நாளில் கட்டியை இடுக்கியில் பிடித்துக்கொள்ள, அவள் அரத்தால் ராவி ராவி ஒரு குழி உண்டாக்கினாள். “ரொட்டி ஏத்தறவன இரும்பப் பிடிக்கச் சொல்றியே” என்று அவர் முனகினார். ஆனாலும் குழி ஆழமாயிற்றா என்று நொடிக்கொரு தரம் எட்டிப் பார்த்தது அவர்தான். அந்த எஞ்சினின் ஹாரன் ‘பாஆம்’ என்று இரண்டு சுருதியில் முழங்கியது.

ஒரு நாள் மருந்துக் கடைக்காரர் பின்பாதியில் நின்று எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தெருவில் டாக்டரின் குரல் கேட்டது. ரிப்பேரக்கா எஞ்சினைத் தன் சாப்பாட்டுப் பைக்குள் தள்ளினாள். மருந்துக் கடைக்காரர் ஒரே எட்டில் ஜெராக்ஸ் மெஷினுக்கு முன்னால் போய் நின்றார்.

“என்ன எடுக்கணும் சார்?” என்றாள் நாத்தனார், ஒன்றும் தெரியாத பிள்ளைபோல.

அவர் சட்டைப் பையைத் தடவினார். எதுவும் இல்லை. வேறு வழி தெரியாமல் கையையே கண்ணாடி மேல் வைத்தார். நாத்தனார் முகத்தில் சின்ன மாறுதல்கூட இல்லாமல் மூடியை இறக்கிப் பொத்தானை அமுக்கினாள். டாக்டர் உள்ளே வந்தபோது மச்சானின் ஐந்து விரலும் ரேகை சுத்தமாகக் காகிதத்தில் வந்துகொண்டிருந்தன. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டாக்டர், “அப்புறமா வரேன்” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

வேலை முடிந்து எஞ்சினைக் கொடுக்கும்போது ரிப்பேரக்கா வழக்கம்போலச் சொன்னாள்: “நம்பர் மூணு சார்.”

கண்காட்சி ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. அதற்கு ரிப்பேரக்கா, புருஷன், நாத்தனார் மூவரும் போனார்கள். சங்கத்தார் எல்லாருடைய மேசைகளையும் சேர்த்துப் போட்டு, ஹாலைச் சுற்றி ஒரே ரயில்பாதை அமைத்திருந்தார்கள். ஒரு கோடியில் ஒரு ஸ்டேஷன், மறுகோடியில் ஒரு ஸ்டேஷன், நடுவில் மலை, மலைக்குள் சுரங்கம், அதற்குள் ஒற்றைத் தண்டவாளம். ஒரு கோடியில் டாக்டர், கையில் கன்ட்ரோலர். மறுகோடியில் மருந்துக் கடைக்காரர், அவர் கையிலும் ஒன்று. இரண்டு பேர் முகத்திலும் ஒரே திருட்டுச் சிரிப்பு. நடுவில் டாக்டரின் மனைவி நின்றுகொண்டு இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகக் கையை ஆட்டினார்.

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஊதல் பொத்தானை அழுத்தினார்.

‘கூ…’ என்றது நீராவி எஞ்சின். ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அதே நொடியில் மறுகோடியிலிருந்து ‘பாஆம்!’ என்றது டீசல்.

மருந்துக் கடைக்காரர் பொத்தானைத் தொடக்கூட இல்லை. திகைத்துப்போய்க் கன்ட்ரோலரைப் பார்த்தார். டாக்டரோ மச்சானை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். தன் ஊதலை அமுக்கத்தான் அவர் ஹாரன் அடிக்கிறார் என்று நினைத்துவிட்டார். வீம்புக்கு எஞ்சினைக் கிளப்பினார். இரண்டு எஞ்சினும் கிளம்பின.

“யாரு என் வண்டிய ஓட்டறது?” என்று மருந்துக் கடைக்காரர் அலறிக்கொண்டு நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். இரண்டும் நின்றன.

“என் வண்டிய ஏன் நிறுத்தறீங்க?” டாக்டர் மறுபடியும் கிளப்பினார், இந்தத் தடவை முழு வேகத்தில். ஒன்று இந்தப் பக்கமிருந்து, ஒன்று அந்தப் பக்கமிருந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டு, இரண்டும் மலையைப் பார்த்து ஓடின.

ரிப்பேரக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. மூணு! இரண்டுமே மூணு! “ஐயையோ” என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள். எஞ்சின்கள் இரண்டு பக்கமும் சுரங்கத்துக்குள் நுழைந்து மறைந்தன. மேசை ஓரத்தில் மொத்த மின்சாரத்தையும் நிறுத்தும் சிவப்புப் பொத்தான் இருந்தது. உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள்.

ஹால் அமைதியாயிற்று. சங்கத்துக்காரர் ஒருவர் வந்து மலையைத் தூக்கினார். உள்ளே, கறுப்பு மூக்கும் மஞ்சள் மூக்கும் ஒரு விரல் இடைவெளியில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன.

“சாப்பாட்டு மேசையில தினம் இதத்தான் பாக்கறேன்” என்றார் டாக்டரின் மனைவி.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ரிப்பேரக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. காது மடல் சுட்டது. நைசாக நழுவிப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் டாக்டர் வாய் திறப்பதற்குள் அவளே முன்னால் வந்தாள்.

“தப்பு என்னோடது. ரெண்டு வண்டிக்கும் நான்தான் சத்தம் வெச்சேன். ரெண்டுக்கும் ஒரே நம்பர விட்டுட்டேன். ஒரு கன்ட்ரோலர அமுக்கினா ரெண்டு வண்டியும் கேக்குது.”

டாக்டர் மருந்துக் கடைக்காரரைப் பார்த்தார். மருந்துக் கடைக்காரர் டாக்டரைப் பார்த்தார்.

“அப்போ அன்னைக்கு ஜெராக்ஸ் கடையில…” என்று டாக்டர் தொடங்கினார். ஒரு வருஷத்துக்குப் பிறகு மச்சானிடம் அவர் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

“கையைத்தான் எடுத்தேன் மாப்பிள்ள. வேற என்ன பண்றது?”

டாக்டருக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மருந்துக் கடைக்காரரும் சிரிக்க ஆரம்பித்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். இரண்டு பேருடைய குட்டும் ஒரே நேரத்தில் உடைந்ததில் யாருக்கும் யாரையும் குறை சொல்ல வழியில்லை.

“ஒரு நிமிஷத்துல ஒண்ணோட நம்பர மாத்திடறேன்” என்றாள் ரிப்பேரக்கா.

“இரும்மா” என்றார் டாக்டரின் மனைவி. “ஒரே நம்பர்னா ரெண்டும் சேர்ந்தே ஓடும்தானே? ரெண்டையும் ஒரே பக்கம் பாக்க நிறுத்தி, ஒரே ரயிலுக்கு முன்னால மாட்டிப் பாருங்களேன்.”

மாட்டினார்கள். ஓடியது, ஆனால் நொண்டிக்கொண்டு. நீராவி எஞ்சின் வேகமாக இழுக்க, டீசல் பின்னால் பிடித்து இழுத்தது. ரிப்பேரக்கா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து காதை வைத்துக் கேட்டாள். இரண்டு மோட்டாரின் முனகலும் ஒத்துவரவேண்டும். அதற்கு வேகமாக ஓடுவதன் வேகத்தைக் குறைக்கவேண்டும்.

“என்னோடத ஏன் குறைக்கணும்? அவரோடத ஏத்துங்க” என்றார் டாக்டர்.

“அது இதுக்கு மேல ஏறாது டாக்டர்.”

“நீங்க கொஞ்சம் குறைங்க” என்றார் மனைவி. “எங்க அண்ணன் எப்பவுமே மெதுவாத்தான் வருவாரு. கல்யாணத்துக்கே லேட்டாத்தான் வந்தாரு.”

டாக்டர் குறைக்கச் சம்மதித்தார். ரிப்பேரக்கா கறுப்பு எஞ்சினை மட்டும் தனித் தண்டவாளத்தில் வைத்து, டிகோடரில் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஓட்டி, கேட்டு, மறுபடி இறக்கினாள். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து எஞ்சினை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் இரண்டு முனகலும் ஒன்றாயின. அன்று முதல் தடவையாக அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது.

அதற்குள் சங்கத்தார் தங்களிடம் இருந்த பெட்டிகளையெல்லாம் கொண்டுவந்து கோத்துவிட்டார்கள். கடைசிப் பெட்டி கிளம்பும் ஸ்டேஷனிலேயே நிற்க, எஞ்சின்கள் வளைவு தாண்டி நின்றன. இத்தனையையும் எந்த ஒற்றை எஞ்சினும் இழுத்திருக்காது. டாக்டர் கன்ட்ரோலரை மச்சானிடம் நீட்டினார். “நீங்க ஓட்டுங்க மச்சான்.” “நீங்க ஊதுங்க மாப்பிள்ள” என்றார் அவர்.

கூவென்றும் பாமென்றும் ஒரே நேரத்தில் எழுந்தது. ஊதலும் ஹாரனும் யாரோ சுருதி சேர்த்து வைத்ததுபோல் அப்படிப் பொருந்தின. நீளமான ரயில் ஒரு குலுக்கலோடு நகர்ந்து, மெதுவாகச் சுரங்கத்துக்குள் நுழைந்து வெளிவந்து, ஹாலைச் சுற்றி வந்தது. குழந்தைகள் கூடவே ஓடினார்கள். பெரியவர்களும் கொஞ்சம் ஓடினார்கள். கோப்பை அந்த வருஷம் யாருக்குப் போயிற்று என்று கேட்டால் பலருக்கு நினைவில்லை. வேறு யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள்.

அன்று ஹாலிலேயே ஏழெட்டுப் பேர் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அடுத்த மாதங்களில் துண்டில், சாக்ஸில், குழந்தையின் ஸ்வெட்டரில் சுற்றிக்கொண்டு எஞ்சின்கள் கடைக்கு வரத் தொடங்கின. வெளியூர்களிலிருந்தும் வந்தன. செல்போன்கள் ஓரத்துக்குப் போய், எஞ்சின்கள் மேசையின் நடுவுக்கு வந்தன. ரிப்பேரக்கா ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்து, வயிற்றுப் பக்கம் சின்ன ஸ்டிக்கரில் எழுதி ஒட்டினாள். மூன்றை மட்டும் யாருக்கும் கொடுப்பதில்லை. அந்த எண் இரண்டு எஞ்சினுக்கு மட்டும்தான். எண்ணை மாற்றித் தருவதாக அவள் எத்தனையோ தடவை சொல்லியும் மச்சானும் மாப்பிள்ளையும் கேட்கவில்லை.

பிறகொரு நாள் சங்கத்துக்காரர்கள் வேறொரு வேலையோடு வந்தார்கள். ஸ்டேஷன் நடைமேடைக்கு அடியில் ஒரு ஸ்பீக்கர் வைக்கவேண்டும், அதில் நிஜ ஸ்டேஷன் மாதிரி அறிவிப்பு வரவேண்டும். குரல் யாருடையது? ரிப்பேரக்கா யோசிக்கவே இல்லை. முன்பாதியைப் பார்த்துக் கைகாட்டினாள்.

நாத்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசிப் பதிவு செய்தாள். அண்ணி வெளியே போய் டீ வாங்கிவரும் நேரத்தில் தனியாகவும் கொஞ்சம் பதிவு செய்தாள். அடுத்த கண்காட்சியில், ஹால் நிறைந்த கூட்டத்துக்கு நடுவே, சின்ன நடைமேடைக்கு அடியிலிருந்து கணீரென்று அந்தக் குரல் எழுந்தது.

“பயணிகள் கவனத்துக்கு. வண்டி வருது, எல்லாரும் ஓரமா நில்லுங்க. அந்த நீலச் சட்ட, உங்களத்தான். மலைக்குப் போற வண்டி கொஞ்ச நேரத்துல கிளம்பும். அதுக்குள்ள ஜெராக்ஸ் எடுக்கறவங்க பஸ் நிலையத்துக்குப் பின்னால செருப்புக் கடைக்குப் பக்கத்துல வாங்க. ரெண்டு பக்கமும் எடுத்துத் தரோம்.”

சங்கத்துத் தலைவர் திகைத்துப்போய் ரிப்பேரக்காவைப் பார்த்தார். அவள் நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் கூரையைப் பார்த்தாள். கடைசி வரியை மட்டும் வெட்டிவிடலாம் என்று தலைவர் சொல்லி முடிப்பதற்குள், ஸ்டேஷனைச் சுற்றி நின்ற குழந்தைகளெல்லாம், “இன்னொரு தடவ! இன்னொரு தடவ!” என்று கத்தத் தொடங்கினார்கள். கூட்டத்தில் நீலச் சட்டை போட்டிருந்த ஒருவர், ஓரமாக நகர்ந்து நின்றுகொண்டார்.